பாலத்தைத் தாண்டுகிறவர் வீடு எந்தப் பக்கம்?

(பட்டிமன்றத் தலைப்பு: வாழ்வதற்கு ஏற்ற நாடு சிங்கப்பூரா, மலேசியாவா? மலேசியா அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எட்டு நிமிஷம்தான் கொடுத்திருக்கீங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணித் தங்கை நல்லாப் பேசினாங்க. சுத்தமான தெரு, நேரத்துக்கு வர்ற ரயில், பெரும்பாலான குடும்பத்துக்கு வீவக வீடு, அதாவது அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து வீடு, சராசரி ஆயுள் 83 வயசை ஒட்டி. நம்ம நாட்டுல அது 75ஐ ஒட்டித்தான் இருக்கு. நான் மறுக்கலை. 1973 மே மாசம் வரைக்கும் ஒரு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தா ஒரு மலேசிய வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். இன்னைக்கு மூணு ரிங்கிட்டுக்கு மேல கொடுக்கணும். அதுவும் உண்மை, அதுல எனக்கு வருத்தமும் உண்டு. கணக்குப் பரீட்சை வெச்சா தங்கைக்குத்தான் முதல் மார்க். ஆனா நடுவர் ஐயா கொடுத்த தலைப்பு, பணக்கார நாடு எதுன்னு கேட்கலை. வாழ்வதற்கு ஏற்ற நாடு எதுன்னு கேட்குது.

தங்கை முடிக்கிறப்போ ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுக்கு அரங்கமே கைதட்டுச்சு. "மலேசியா அவ்வளவு நல்ல நாடுன்னா, விடியறதுக்கு முன்னாடி ஜொகூர் பாலத்துல அத்தனை மோட்டாரும் எங்க பக்கம் பார்த்து ஏன் நிக்குது? தீர்ப்பை நடுவர் சொல்ல வேண்டாம், அந்த வரிசையே சொல்லிடுச்சு." இதுதானே தங்கச்சி சொன்னது? சரி. நான் கொண்டுவந்த குறிப்பையெல்லாம் மடிச்சு வெச்சிடுறேன். இரண்டு நாட்டையும் இணைக்கிற அந்தப் பாலத்து வரிசைக்கே போவோம்.

வரிசையில நிக்கிற ஒருத்தரைக் கூப்பிடுவோம். நம்ம ஜொகூர் மாநிலத்து மாசாயில் குடியிருக்கிற ஒரு அண்ணன். பேர் வேண்டாம், அவரை மாதிரி ஆயிரக்கணக்கானவங்க இருக்காங்க. வேலை சிங்கப்பூர்ல செனோக்கோ பக்கம் ஒரு தொழிற்சாலையில். ஏழரைக்கு ஷிஃப்ட். அண்ணன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? மூணே முக்கால். குளிச்சு, கடப்பிதழையும் (பாஸ்போர்ட்) வேலை அனுமதி அட்டையையும் பிளாஸ்டிக் உறையில போட்டுக் கழுத்துல மாட்டி, மழைக்கோட்டை மோட்டார் பெட்டியில திணிச்சு, நாலரைக்கு வாசலைத் தாண்டணும். ஏன் நாலரை? எல்லாருடைய ஷிஃப்டும் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல தொடங்குது. அதனால அத்தனை பேரும் ஒரே இரண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரே பாலத்துல ஏறணும். 1924ல் திறந்த பாலம். கால் மணி பிந்திக் கிளம்பினா கால் மணி பிந்திப் போய்ச் சேர மாட்டார், முக்கால் மணி பிந்துவார்.

முதல்ல சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்துல நம்ம குடிநுழைவுச் சோதனை. அப்புறம் பாலம். அப்புறம் உட்லண்ட்ஸ்ல அவங்க குடிநுழைவு. மழை வந்தா கதை கெட்டுது. மேம்பாலத்துக்கு அடியில மோட்டாரெல்லாம் ஒதுங்கும், மழைக்கோட்டு போடும், வழி பாதியா குறுகிடும். எந்திரத்துல வைக்கிற கடப்பிதழ் நனைஞ்சிருந்தா அது படிக்காது. சட்டையில துடைச்சு மறுபடி வைப்பார். பின்னால நிக்கிறவங்க ஹார்ன் அடிப்பாங்க. அடிக்கிறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் ஷிஃப்ட்.

மோட்டார் இல்லாதவர் 170 பஸ். ஜொகூர் லார்க்கின் பஸ் நிலையத்துல ஏறுவார். ஜொகூர் குடிநுழைவுல பையோட இறங்கணும், முடிச்சிட்டு மறுபடி ஏறணும். உட்லண்ட்ஸ்ல மறுபடி இறங்கணும், மறுபடி ஏறணும். முகப்புல வரிசை நீண்டுச்சுன்னா வந்த பஸ் காத்திருக்காது, போயிடும். அதனால டிக்கெட்டைத் தொலைக்காம வெச்சிருக்கணும், அடுத்த பஸ்ஸுல அதைக் காட்டி ஏறணும். அந்த அடுத்த பஸ்ஸும் நிரம்பி வந்தா? அதுக்கு அடுத்தது.

நம்ம அண்ணன் ஆறேகாலுக்கே செனோக்கோ போய்ச் சேர்ந்துட்டார். ஷிஃப்ட் ஏழரைக்கு. நடுவுல என்ன பண்ணுவார்? நிறுத்தின மோட்டார் மேலேயே சாய்ஞ்சு ஒரு மணி நேரம் தூங்குவார். சம்பளம் வாங்கப் போன நாட்டுல, வேலைக்கு முன்னாடி, வண்டி மேல தூக்கம்.

தங்கை கதையை அந்த வரிசையோட நிறுத்திட்டாங்க. நான் நிறுத்த மாட்டேன். சாயங்காலம் என்ன நடக்குது? அதே அண்ணன், அதே மோட்டார், அதே பாலம். உட்லண்ட்ஸ், அப்புறம் பாலம், அப்புறம் இஸ்கண்டார் கட்டடம். மறுபடி கடப்பிதழ், மறுபடி வரிசை, மறுபடி மழை. மாசாய் போய்ச் சேர எட்டரை, ஒன்பது. மறுநாள் மூணே முக்காலுக்கு எழுந்திருக்கணும்.

அவையோரே, நான் கேட்கிறேன். ஏன் திரும்பி வர்றார்? அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினா தினம் மூணு நாலு மணி நேரம் மிச்சம். "வாடகை அதிகம், அதான்"னு தங்கை தலையாட்டுறாங்க. நல்லது தங்கச்சி, அதை நீங்களே சொல்லிட்டீங்க! ஒரு வீவக வீட்டுல ஒரே ஒரு அறைக்கு மாசம் ஆயிரம் வெள்ளியை ஒட்டிக் கேட்கிறாங்க. உழைக்கிறவர் அந்த ஊர்ல உழைக்கலாம், தூங்குறதுக்குக் கட்டுப்படியாகாதுன்னா, வாழ்வதற்கு ஏற்ற நாடுன்னு அதை எந்த வாயால சொல்றது?

இன்னொண்ணு. தினம் சுமார் 3 லட்சம் பேர் உட்லண்ட்ஸைத் தாண்டுறாங்கன்னு எண்ணிக்கை காட்டினீங்க. எண்ணிக்கை சரிதான். ஆனா அந்த 3 லட்சத்துல போறவங்களும் அடக்கம், வர்றவங்களும் அடக்கம். காலையில ஒரு தடவை எண்ணப்பட்ட அண்ணன் சாயங்காலம் திரும்பும்போது இன்னொரு தடவை எண்ணப்படுறார். பாதியை உங்க கணக்குல எழுதினா மீதியை எங்க கணக்குல எழுதுங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாருங்க. அன்னைக்கு அதே பாலத்துல எந்தப் பக்கம் பார்த்துக் கார் நிக்குது? எல்லாம் சிங்கப்பூர் எண் பலகை. ஜொகூருக்கு வர்றாங்க. வயிறாரச் சாப்பிட, முடி வெட்ட, பல் பார்க்க, கார் கழுவ, மளிகை வாங்க. இது இன்னைக்கு நேத்துப் பழக்கமில்லை. சிங்கப்பூர்ல பதிஞ்ச கார் பாலத்தைத் தாண்டணும்னா தொட்டியில முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கணும்னு 1991லேர்ந்து சட்டம். குறைஞ்சா அபராதம். தன் ஊர்க்காரங்க அடுத்த நாட்டுக்குப் போய்ப் பெட்ரோல் போட்டுக்கக் கூடாதுன்னு தொட்டியை அளக்கிற நிலைமை ஏன் வந்தது? நம்ம பக்கமும் மானிய விலை ரோன்95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு விக்கிறதில்லை, விலை கூடின ரோன்97தான். அப்படியும் வர்றாங்க. வரட்டும், அவங்களும் நம்ம சொந்தக்காரங்கதான்.

கார்னு சொன்னதும் இதையும் சொல்லிடுறேன். சிங்கப்பூர்ல கார் வாங்க முதல்ல சிஓஇங்கிற உரிமைச் சான்றிதழை ஏலத்துல எடுக்கணும். பத்து வருஷத்துக்கு வண்டி வெச்சிருக்கிற உரிமை, அவ்வளவுதான். சின்ன கார் பிரிவுலேயே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கு. அதுல சக்கரம் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, கார் விலை தனி. நம்ம ஊர்ல அடிப்படை ஆக்சியா கார் 22,000 ரிங்கிட்டை ஒட்டி. ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை மாத்தினா 3 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல. பதிமூணு ஆக்சியா வாங்கலாம்! அண்ணன் சம்பளத்துல ஒரு ஆக்சியா வாங்கி, ஞாயித்துக்கிழமை குடும்பத்தை உக்கார வெச்சு பத்துமலைக்கு ஓட்டிட்டுப் போக முடியும். அங்கே அதே வேலை செய்யற சிங்கப்பூர்த் தொழிலாளிக்கு அது எட்டுமா?

மருத்துவம். அரசாங்க கிளினிக்ல குடிமகனுக்கு ஒரு ரிங்கிட், நிபுணர்கிட்ட ஐந்து ரிங்கிட். காத்திருக்கிற நேரம் அதிகம், அது உண்மையான குறை, சரிபண்ணியே ஆகணும். ஆனா சர்க்கரை, இரத்த அழுத்தம்னு மாசாமாசம் மாத்திரை வாங்குற ஒரு ஓய்வூதியக்காரர், பணத்துக்கு என்ன பண்றதுன்னு யோசிக்காம வாசல் ஏறலாம்.

அடையாளத்தைப் பத்தி எங்க அணித் தலைவர் விரிவாப் பேசிட்டார், நான் இரண்டு வார்த்தை. சிங்கப்பூர் தமிழை ஆட்சிமொழியா வெச்சிருக்கு, வெள்ளி நோட்டுல போட்டிருக்கு. அதுக்கு இந்த மேடையிலேயே கும்பிடுறேன். ஆனா அங்கே கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982ல் மூடியாச்சு. வீட்டுல அதிகமாப் பேசுற மொழி தமிழ்னு சொன்னவங்க 2010ல் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5. இங்கே 500க்கும் மேல தமிழ்ப்பள்ளி. 1816ல் பினாங்குல தொடங்கின பயணம், இன்னும் ஓடுது. தோட்டம் காலியானதால பல பள்ளியில 150 பிள்ளைகூட இல்லை, தெரியும். அரசாங்க வேலையில, பல்கலைக்கழக இடத்துல நாம கேட்க வேண்டிய கேள்விகளும் நிறைய இருக்கு, கேட்டுக்கிட்டே இருப்போம். ஆனா கணக்கையும் அறிவியலையும் ஒரு பிள்ளை தமிழ்ல படிக்கிற வகுப்பறை பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு. தைப்பூசத்தை அங்கே 1968ல் பொது விடுமுறைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க. இங்கே சிலாங்கூர், பினாங்கு, பேராக், ஜொகூர்னு இன்னைக்கும் விடுமுறை.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் ஐயா, ஒரு நிமிஷம் கொடுங்க. அந்த அண்ணனை நான் இன்னும் வீட்டுல விடலை.

2020 மார்ச் 16 ராத்திரி அறிவிப்பு வந்தது, கொரோனாவால 18ஆம் தேதியிலேர்ந்து எல்லை மூடுதுன்னு. முதல்ல சொன்னது இரண்டு வாரம். 17ஆம் தேதி அண்ணன் என்ன பண்ணினார்? வேலை போயிடக் கூடாதுன்னு இரண்டு சட்டையை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுப் பாலத்தைத் தாண்டினார். ஆயிரக்கணக்கானவங்க தாண்டினாங்க. தங்க இடம் கிடைக்காம கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கம் தரையில படுத்தவங்களும் உண்டு. இரண்டு வாரம் இரண்டு மாசமாச்சு. ஆகஸ்ட் 17ல் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தாங்க. குறைஞ்சது 90 நாள் அங்கேயே வேலை பார்த்தா, ஒரு தடவை வீட்டுக்கு வந்து போகலாம். பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் கழிச்சா, மனைவி முகத்தை எத்தனை நாள் பார்த்திருப்பார்? 2021 நவம்பர் 29ல் பஸ் விட்டாங்க, நாளுக்கு ஒரு பக்கத்துக்கு 1,440 பேர். டிக்கெட் கிடைச்சவங்க பாக்கியவான்கள். பாலம் முழுசாத் திறந்தது 2022 ஏப்ரல் 1. இரண்டு வருஷம்!

அந்த இரண்டு வருஷமும் அண்ணனுக்கு என்ன குறை? தங்கை சொன்ன அத்தனையும் கையில இருந்தது. தெரு சுத்தமா இருந்தது. ரயில் நேரத்துக்கு வந்தது. சம்பளம் மூணு மடங்காத்தான் வந்தது. விடிகாலை மூணே முக்காலுக்கு எழுந்திருக்கத் தேவையில்லை, மழையில நிக்கத் தேவையில்லை. ஆனா லீவு நாள்ல எங்கே போனார் தெரியுமா? உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவுக்கு. அங்கே நின்னா ஜொகூர் கட்டடம் தெரியும். ஒரு கிலோமீட்டர். நீந்தினாலே போயிடலாம்னு தோணுற தூரம். பெத்த தாய் கண்ணை மூடினதைக் கைப்பேசியில பார்த்தவங்க உண்டு. பிறந்த பிள்ளையை, அது நடக்க ஆரம்பிச்ச பிறகு முதல்முதலாத் தூக்கினவங்க உண்டு. இதுக்கு எந்தப் புள்ளிவிவரத்துல கட்டம் போட்டு எழுதுவீங்க தங்கச்சி? எனக்குத் தெரியலை, எனக்குக் கட்டமும் வேண்டாம்.

நடுவர் ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். இந்த அரங்கத்துல அந்த இரண்டு வருஷம் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டவங்க இருப்பாங்க. அவங்களுக்காக இந்தப் பக்கம் காத்திருந்த அக்கா, அம்மா, பிள்ளைங்களும் இருப்பாங்க. தயவுசெய்து எழுந்து நில்லுங்க. கூச்சப்படாதீங்க, நில்லுங்க அண்ணே. அதோ பின்வரிசையில ஒரு அம்மா எழுந்திருக்காங்க பாருங்க. ஐயா, நான் பேசினதை மறந்துடுங்க, இவங்க முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.