கண்டிக்கு எத்தனை வழி

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாண நகரத்தில் கண்டி வீதி எது என்று கேட்டால் சிறு பிள்ளையும் கைநீட்டிக் காட்டும். அந்த வீதியின் மறுமுனையைத் தேடிப் போனால் 321 கிலோமீற்றர் கடந்து கண்டியில்தான் போய் நிற்க வேண்டும். அரசாங்கக் கணக்கில் ஏ9 வீதி தொடங்குவதே அங்கிருந்துதான். ஆனாலும் கண்டிக்குப் புறப்படுகிற பலர், கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏறிப் போவதைத் தவிர வேறு வழி உண்டு என்று எண்ணுவதில்லை. மலையகத் தலைநகரத்துக்குப் போகும் வழிகளை எப்படித் தெரிவு செய்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்டி, எளிதில் போய்ச் சேரக் கூடாது என்பதற்காகவே தலைநகராகத் தெரிவு செய்யப்பட்ட ஊர். மூன்று பக்கம் மகாவலி கங்கை வளைந்தோட, சுற்றிலும் மலை நிற்க, கரையோரத்தின் பெரும்பகுதி அந்நியர் கையில் போன பிறகும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்த அரசு தாக்குப்பிடித்தது. கண்டி மன்னர்கள் அகலமான பாதை போட விடவில்லை. ஒற்றையடிப் பாதைகளின் குறுக்கே முட்கதவுகளை நிறுத்திக் காவல் வைத்தார்கள். 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்ததற்கு வீரம் ஒரு காரணமென்றால், வழி மற்றொரு காரணம். 1803இல் ஆங்கிலேயப் படை கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரு கூறாகப் புறப்பட்டு நகரத்துக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாகக் கிடந்தது. ஜூன் மாதம் திருகோணமலைக்குத் திரும்ப முயன்றவர்கள், வட்டாபுளுவைத் துறையில் வெள்ளம் பெருகிய மகாவலியைக் கடக்க முடியாமல் சிக்கி மாண்டார்கள். போகும் வழியை மட்டும் யோசித்து, திரும்பும் வழியையும் மழையையும் யோசிக்காமல் விட்டவர்களின் கதை அது.

மேற்கு வழிக்கு வருவோம். 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர் உடனே உணர்ந்தது, பாதை இல்லாமல் அந்த நாட்டை வைத்திருக்க முடியாது என்பதைத்தான். ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசன் மேற்பார்வையில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி திறந்தார்கள். மலையைத் துளைத்து வருகிறவனுக்கே இந்த நாடு வசப்படும் என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை இருந்ததாகச் சொல்வார்கள். குடைந்தவர்களுக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ. இன்று வாகனங்கள் அந்தக் குடைவுக்குப் பக்கத்தால் போகின்றன. 1832இல் எழுப்பிய டோசன் நினைவுக் கோபுரம் சற்று மேலே நிற்கிறது.

அந்த வீதி சுமார் 115 கிலோமீற்றர். தூரத்தைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் என்று கணக்குப் போடுகிறவர் ஏமாந்து போவார். நிட்டம்புவ, வரக்காபொல, கேகாலை, மாவனல்லை என்று ஒவ்வொரு ஊரும் வீதியை நெரிக்கும்; மாவனல்லைக்கு அப்பால் ஏற்றத்தில் ஒரு பாரவூர்தி முன்னே மாட்டிக்கொண்டால் அதன் பின்னால் ஊர்வதைத் தவிர வேறு கதியில்லை. மூன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அதில் பத்து நிமிடத்தைப் பஸ்யாலைக்குப் பக்கத்தில் கஜுகமவில் முந்திரிப்பருப்பு விற்கும் பெண்களுக்குக் கொடுத்தால் நட்டமில்லை. விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள், 2022 ஜனவரியில் திறந்த மீரிகம–குருநாகல் அதிவேகப் பாதையால் போய், கலகெதர வழியாகக் கண்டிக்கு ஏறுவதையும் யோசிக்கலாம்.

என்னைக் கேட்டால், கொழும்பிலிருந்து போகிறவருக்குப் புகையிரதமே முறை. 1867இல் கண்டியை எட்டிய அந்தப் பாதை, ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 20 கிலோமீற்றருக்குள் 400 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. 44 அடி முன்னேறினால் ஓர் அடி உயர்கிறது. ரம்புக்கனை தாண்டியதும் சக்கரத்தின் ஓசை மாறுவதைக் கண்ணை மூடிக்கொண்டே அறியலாம். அதுவரை தடதடத்து ஓடியது, இப்போது ஒவ்வொரு தண்டவாள இணைப்பையும் தனித்தனியே எண்ணுவது போல் மெல்ல நகரும். யன்னலுக்கு வெளியே வயல்கள் கீழே இறங்கிக்கொண்டே போகும். தூரத்தில் பத்தலேகல மலை, உச்சியைச் சீவிவிட்டது போல் நிற்கும். ஒரு எச்சரிக்கை: பதுளைக்குப் போகும் எல்லாப் புகையிரதமும் கண்டிக்குள் வருவதில்லை. கண்டி, மாத்தளைக் கிளைப்பாதையில் இருக்கிறது. சில வண்டிகள் பேராதனைச் சந்தியோடு திரும்பி நேரே மலைக்கு ஏறிவிடும். சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வடக்கிலிருந்து புகையிரதத்தில் வருகிறவர்கள் பொல்காவலையில் இறங்கி மாறவேண்டும்.

வடக்கிலிருந்து வீதியால் வருவதானால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை. மேற்கைப் போலத் திடீரென்று மலை எழும்பாது. தம்புள்ளைக்குப் பிறகு பாதை படிப்படியாக உயரும். கண்டி அரசனின் கைதியாக 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் இருந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, 1679இல் தப்பியோடத் தெரிவு செய்தது வடக்குத் திசையைத்தான். அநுராதபுரம் வந்து, மல்வத்து ஓயாவைத் துணையாகக் கொண்டு காடு கடந்து, மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின், அதே மன்னார்க் கரையிலிருந்து எதிர்த்திசையில் ஆட்கள் நடந்தார்கள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் அவர்கள். தண்ணீரில்லாத காட்டில் பசியும் காய்ச்சலும் தின்றதுபோக மிஞ்சியவர்கள் மாத்தளையில் வந்து மூச்சுவிட்டார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் ஏ9 வீதியோரத்திலேயே இருக்கிறது. கண்டிக்கு 25 கிலோமீற்றர்தானே என்று அவசரப்படாமல் அங்கே வாகனத்தை நிறுத்துங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு.

கிழக்கு வழியில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, மகா ஓயா, மகியங்கனை வழியாகப் போவதாகத் திட்டம். வரைபடத்தில் மகியங்கனையிலிருந்து கண்டி 75 கிலோமீற்றருக்குள் இருந்ததால், மகியங்கனையில் ஆறுதலாகச் சாப்பிட்டு மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஹசலக்க தாண்டிப் பதினெட்டு வளைவுகளில் ஏறும்போது இருட்டியது. உன்னஸ்கிரியப் பக்கம் மூடுபனி இறங்கியது. வாகனத்தில் இருந்த பெரியம்மா, “தம்பி, நீ ஓடுறதே எனக்குத் தெரியேல்லை, வீதி எப்பிடியடா தெரியுது?” என்று கேட்டதற்கு ஓட்டுநரிடம் பதில் இருக்கவில்லை. இருட்டில் மெதமஹநுவரையையும் தவறவிட்டோம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்ட இடம் அது. அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டவன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான்; பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்துமண்டபம் இருக்கிறது. அந்த வழியால் போகிறவர்கள் நண்பகலுக்கு முன் மகியங்கனையை விட்டுவிடுங்கள்.

மழையை வைத்தும் வழியைத் தெரிவு செய்யலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும். அப்போது கடுகண்ணாவையில் மண்ணும் கல்லும் சரிய இடமுண்டு. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பதினெட்டு வளைவுகளை அப்போது தவிர்ப்பது நல்லது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை எப்பக்கமும் வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படும் காலையில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

எசல பெரகரா ஊர்வலம் நடக்கும் நாட்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பிற்பகலிலேயே நகர வீதிகளை மூடத் தொடங்குவார்கள். பேராதனைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள ஆறேழு கிலோமீற்றரே, கொழும்பிலிருந்து வந்த தூரத்தைவிட நீண்டதாகத் தோன்றும். காலையிலேயே போய்ச் சேருங்கள், அல்லது முதல் நாளே போய்த் தங்குங்கள்.

இயன்றவரை ஒரு வழியால் ஏறி மற்றொரு வழியால் இறங்குங்கள். போக வரப் புகையிரதம்தான் என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு ஒன்று: கொழும்பிலிருந்து ஏறும்போது வலப்பக்க யன்னலோரம் கேளுங்கள்; திரும்பும்போது இடப்பக்கம்.

வணக்கம்.