தடித்த றேடியேற்றர் போட்டும் கார் ஏன் சுடுகிறது?

(திரையில்: பொனற் திறந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. றேடியேற்றரின் மேல்தொட்டி நெருக்கமாக.)

வணக்கம். என்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் றேடியேற்றரின் இந்தப் பிளாஸ்ரிக் தொட்டியின் நிறத்தைப் பாருங்கோ. புதிதாக வரும்போது இது கறுப்பு. இப்போது பழுப்பாகி, ஓரத்தில் பச்சை கலந்த மாதிரிக் கிடக்கு. வருடக்கணக்காகச் சூடு ஏறி இறங்கியதில் பிளாஸ்ரிக் முறுகிவிட்டது. இனி ஒரு நாள் அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் மயிரளவு வெடிப்பு விழும், அன்றைக்கு நீங்கள் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் பொனற்றைத் திறந்துகொண்டு நிற்பீர்கள். ஆகவே இதைக் கழற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை.

கழற்றிவிட்டு எதைப் போடுவது என்பதில்தான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். "ரெண்டு மடங்கு தடிப்பான அலுமினியம் ஒன்று போடு தம்பி, பிறகு சூடு என்ற பேச்சே வராது" என்று கராஜில் எந்த அண்ணையும் சொல்லுவார். போடுகிறார்கள், ஒரு இலட்சத்துக்கு மேல் செலவழித்தும் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளு திரும்ப ஏறுகிறது. காரணம் காற்று. தண்ணீர் சூட்டைக் கொண்டுவந்து கொடுக்கும், அதை வெளியே எடுத்துப் போவது றேடியேற்றர்க் குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகட்டுச் செதில்களுக்குள் நுழைந்து போகும் காற்றுதான். காற்று போகாத றேடியேற்றர் எத்தனை அங்குலத் தடிப்பாக இருந்தாலும் அது சுடுதண்ணீர்த் தாங்கி.

இந்தக் கார் 1989இல் வந்த முதல் தலைமுறை, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றது. உங்களிடம் இருப்பது பழைய சிவிக், செலிக்கா எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. றேடியேற்றர் வெளியேற்றும் சூடு, தண்ணீரின் வெப்பநிலைக்கும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 பாகை, வெளியே 25 என்றால் வித்தியாசம் 65. சித்திரை வைகாசி மத்தியானத்தில் கிளிநொச்சியில் 35 என்று வையுங்கோ, வித்தியாசம் 55. அதே றேடியேற்றர், அதே ஃபான், ஆனால் வேலை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. தார் ரோட்டுக்கு ஒரு அடி மேலே, இந்தக் காரின் வாய் இருக்கும் உயரத்தில், காற்று இன்னும் சூடு. ஏசியும் போட்டால் றேடியேற்றருக்கு முன்னால் நிற்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் தன்னுடைய சூட்டையும் சேர்த்து உள்ளே தள்ளும்.

சரி, பணம் செலவழிக்க முன் ஒரு கேள்வி. உங்கள் கார் எப்போது சுடுகிறது? ரயில் கடவையில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறது என்றால் பிழை பெரும்பாலும் ஃபானில், அல்லது அதற்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயில், அல்லது ஃபானைப் போடச் சொல்லும் சுவிச்சில். அதற்குப் புது றேடியேற்றர் மருந்தில்லை. மாறாக, ஓமந்தை தாண்டி ஒரே வேகத்தில் போகும்போது மெல்ல மெல்ல ஏறுகிறது என்றால் குழாய் அடைத்திருக்கும், அல்லது காற்று வேறு வழியால் ஓடுகிறது. என்ஜின் சூடாக இருக்கும்போது அகச்சிவப்பு வெப்பமானியை செதில் முழுக்க ஓட்டிப் பாருங்கோ. ஒரு இடம் மட்டும் குளிராகக் காட்டினால் அங்கே தண்ணீர் போகவில்லை.

குழாய் அடைப்பதற்கு நம்முடைய பக்கத்தில் பெரிய காரணம் கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு, பென்சில் முனை அகலம்கூட இல்லாத அந்தக் குழாய்களுக்குள்ளும் படியும். பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரைத்தான் வாங்க வேண்டும். கான் ஒன்றுக்கு என்ன பெரிய விலை?

(திரையில்: பம்பரின் வாய்க்குள் ரோர்ச் வெளிச்சம்.)

இப்போது கண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் பாருங்கோ. இது காலபோக அறுவடை முடிந்து, ரோட்டோரம் நெல் காயப்போடும் காலத்தில் ஓடிய கார். பதர், வைக்கோல் தும்பு, கிறவல் ரோட்டுச் செம்புழுதி, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாம் சேர்ந்து பாய் பின்னியது மாதிரி ஒட்டிக் கிடக்கு. முன்னால் நின்று பார்த்தால் இது தெரியாது, கண்டென்சர் மறைத்துவிடும். றேடியேற்றரைக் கழற்றினால்தான் கையில் வரும். பலருக்குப் "புது றேடியேற்றர் போட்டதும் கார் குளிர்ந்துவிட்டது" என்று வந்த பலனில் பாதி இந்தக் குப்பை வெளியே போனதால் வந்தது.

அடுத்தது காருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்ரிக் தட்டு. கிறவல் ரோட்டில் இரண்டு தரம் அடிபட்டதும் கழற்றி எறிந்துவிடுவோம். எம்எக்ஸ்-5இல் அது அலங்காரம் இல்லை. வாயால் வரும் காற்றைக் கீழே நழுவ விடாமல் றேடியேற்றருக்குள் அனுப்புவது அதுதான். தட்டு இல்லாவிட்டால் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வெட்டிப் பூட்டுங்கோ. பக்கவாட்டு இடைவெளிகளை ஸ்பொஞ் பட்டியால் அடையுங்கோ. காற்று சோம்பேறி, சின்ன ஓட்டை கிடைத்தாலும் செதிலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபானைச் சுற்றியுள்ள கூடும் அப்படித்தான். கூட்டைக் கழற்றிவிட்டு ஃபானைச் செதிலில் பிளாஸ்ரிக் பட்டியால் கட்டினால், ஃபான் வட்டத்துக்கு முன்னால் உள்ள பகுதியில் மட்டும் காற்று இழுபடும், மூலைகள் சும்மா கிடக்கும்.

இதற்குப் பிறகுதான் தடிப்பு. முதல் வரிசைக் குழாயைத் தாண்டும் காற்று ஏற்கெனவே சூடாகிவிடும், பின் வரிசைக்கு அந்தச் சுட்ட காற்றுத்தான் கிடைக்கும். ஆகவே இரண்டு மடங்கு தடிப்புக்கு இரண்டு மடங்கு குளிர்ச்சி வராது. அதோடு தடித்ததற்குள் காற்றை இழுக்க ஃபானுக்குக் கஷ்டம். சும்மா ரோட்டில் ஓடும் காருக்கு 36, 40 மில்லிமீற்றர் அளவில் முழு அலுமினியம் போதும் என்பது என் கருத்து. என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் ரேர்போ பூட்டிய ஆட்கள் வேறு கதை.

பழைய மசி ஃபேர்கசன் உழவு இயந்திரத்தின் றேடியேற்றர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து ஒட்டித் தருவார்கள். செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூடு கடத்தும் என்பதும் உண்மை. ஆனால் அலுமினியத்தில் குழாயை அகலமாகச் செய்யலாம், பாரமும் குறைவு. ஓட்டை விழுந்தால்தான் தலையிடி: அதை ஈயத்தால் ஒட்ட முடியாது, அலுமினியத்தை உருக்கி ஒட்டும் ரிக் (TIG) வெல்டிங் தெரிந்தவரைத் தேட வேண்டும். வாங்கும்போது தொட்டி வெல்டிங்கைக் கையால் தடவிப் பாருங்கோ, ஃபானும் கூடும் வந்து உட்காரும் துளைகளைப் பழையதோடு வைத்து அளந்து பாருங்கோ.

கழற்றும் வேலை ஒரு பின்னேரத்தில் முடியும். என்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் தொடுங்கோ. மூடி 0.9 பார் அளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும், சுட்ட நேரத்தில் திறந்தால் ஆவியும் சுடுதண்ணீருமாகப் பொங்கி முகத்துக்கு வரும். காரைத் தூக்கினால் அக்சில் ஸ்ராண்ட் வையுங்கோ, சீமெந்துக்கல் அடுக்கி அதன் கீழே படுக்க வேண்டாம், அது ஒரு நொடியில் நொறுங்கும். வடியும் கூலன்ற் கலந்த தண்ணீரைப் பேசினில் பிடியுங்கோ. கூலன்றில் உள்ள எதிலீன் கிளைகோல் இனிக்கும், வளவில் நிற்கும் நாய் நக்கினால் செத்துப்போகும். கிணற்றடிப் பக்கம் ஊற்றவும் கூடாது.

ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இழுத்துப் பறிக்காமல் முறுக்கி அசையுங்கோ. எப்படியும் ஹோஸ், கிளிப், தெர்மோஸ்ரற் (தண்ணீர் சுட்டதும் திறந்து றேடியேற்றருக்கு விடும் வால்வு), மூடி எல்லாம் புதிதாகப் போடுவதுதான் புத்தி. புது றேடியேற்றர் அடியில் றப்பரில் உட்கார வேண்டும், இரும்பில் நேரே உரசினால் அதிர்விலும் அரிப்பிலும் அலுமினியம் போய்விடும்.

தண்ணீர் விகிதம்: கூலன்ற் பாதி, தண்ணீர் பாதி என்பது பனி உறையும் நாடுகளுக்கான கணக்கு. இங்கே வற்றாப்பளைப் பொங்கல் வெயிலில் எது உறையப் போகிறது? வெறும் தண்ணீர் கிளைகோல் கலந்ததைவிட அதிகச் சூட்டைச் சுமக்கும். ஆனால் துருத் தடுப்பு கூலன்றில்தான் இருக்கிறது, அதனால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்காதீர்கள். இந்தக் காருக்கு மொத்தம் சுமார் 6 லீற்றர் பிடிக்கும், என்ஜினுக்குள் பழையது கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால் அவ்வளவும் இறங்காது.

(திரையில்: முன் சக்கரங்கள் உயர்ந்த நிலையில் கார், மூடி திறந்தபடி.)

கடைசியாகக் காற்றை எடுப்பது. மூக்கு மேலே இருக்கட்டும், ஹீற்றரை முழுச் சூட்டில் வையுங்கோ, ஆறிய என்ஜினை மூடி திறந்தபடி ஸ்ரார்ட் பண்ணி மேல் ஹோஸை அமத்தி அமத்தி விடுங்கோ. குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கோ. தெர்மோஸ்ரற் திறந்ததும் மேல் ஹோஸ் திடீரென்று சுடும். குமிழி நின்றதும் மூடியைப் பூட்டி, ஃபான் தானாகப் போட்டு நிற்கும்வரை காத்திருங்கோ. ஃபான் போடாமல் முள்ளு ஏறினால் உடனே நிற்பாட்டுங்கோ. பல பழைய கார்களின் முள்ளு பெரிய வெப்ப இடைவெளிக்கு நடுவிலேயே அசையாமல் நிற்கும், அது நகரும்போது ஏற்கெனவே பிந்திவிட்டது. காரின் கணினியிலிருந்து வெப்பநிலையைப் படிக்கும் ஓபிடி இணைப்பு இல்லாத கார் என்றால் தனி வெப்பமானி ஒன்று மேல் ஹோஸில் பூட்டினால் நல்லது.

அடுத்த நாள் காலை என்ஜின் குளிராக இருக்கும்போது மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி, எல்லாக் கிளிப்பையும் இன்னொரு தரம் இறுக்குங்கோ. பிறகு பரந்தன் வரை ஏசி போட்டு ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துவிட்டு, என்ன பாகை காட்டியது என்று கீழே எழுதுங்கோ.