தும்பா இருந்தது, கலாம் திரும்பினார்

(எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதிக் கொடுத்தேன்.)

மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், முன்வரிசையில் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருக்கிற தாய்மார்களுக்கும், வெளிநாட்டில் வேலை பார்த்து லீவில் வந்திருக்கிற சபுராளி மச்சான்மார்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு முன்னால் தம்பி நன்றாகப் பேசினார். படித்தவனும் உழைக்கிறவனும் வெளிநாட்டுக்குப் போய்விட்டால் நாடு எப்படி முன்னேறும், எல்லோரும் ஊர் திரும்புங்கள், நம்ம ராமேஸ்வரத்துக் கலாம் அமெரிக்கா போய்விட்டுத் திரும்பி வந்தவர்தானே என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினோம். ஆனால் அந்தக் கதையில் பாதியைத் தம்பி விட்டுவிட்டார். கலாம் 1963இல் நாசாவுக்குப் பயிற்சிக்குப் போனார், சில மாதம்தான். திரும்பியபோது திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் இருந்தது, நம் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் இருந்தார், அந்த வருடம் நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. பெரிய மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு பழைய மாதா கோயில் கட்டடத்தில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்கள். ஆனாலும் கற்றுக்கொண்டு வந்ததைச் செய்து பார்க்க ஓர் இடம். அது இல்லாமல் அவர் நேரே ராமேஸ்வரத்துக்கு வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

வா வா என்று கூப்பிடுகிறோம், சரி. வந்தவனுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்?

போவதும் வருவதும் நம் கரைக்குப் புதிதில்லை. கப்பல் வணிகம் செய்த கீழக்கரை வள்ளல் சீதக்காதி காலத்துக்கெல்லாம் போக வேண்டாம், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாமைப் பாருங்கள், போதும். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குக் கூலியாகப் போகிறவர்களை அங்கேதான் நிறுத்தி வைத்து, நோய்நொடி இருக்கிறதா என்று பார்த்துக் கப்பல் ஏற்றினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமரும் நம் பிரதமரும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அந்தத் தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள், எந்த ஊர் வேண்டும் என்று அந்த மக்களைக் கலந்து பேசியா எழுதினார்கள்? அப்புறம், போனவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே மண்டபத்தில் தங்கி, அங்கிருந்து திசைக்கொருவராகப் போனார்கள். நீலகிரியில் அவர்களுக்காக அரசாங்கம் 1968இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தேயிலை தெரிந்தவனுக்குத் தேயிலை வேலை, அது நல்ல யோசனை. அதில் இடம் கிடைக்காதவர்கள் பட்ட பாடு வேறு. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள்கூட உண்டு. தாய்நாடு திரும்பியவர்கள் என்று காகிதத்தில் எழுதியிருந்தது, மலையில் அவர்களைச் சிலோன்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

1990இல் குவைத்தில் சண்டை வந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை விமானத்தில் கூட்டி வந்தார்கள். 2020இல் கொரோனா. நம் ஆட்கள் கூட்டமாக ஊர் திரும்பியது எல்லாமே துரத்தப்பட்டுத்தான், நாட்டை வளர்க்கலாம் என்று யாரும் விமானம் ஏறவில்லை. குவைத்தில் நிலைமை சரியானதும் எத்தனையோ பேர் மறுபடி விசாவுக்கு அலைந்தார்கள். அவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லையா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் ஐயா.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். சவூதியில் ஜுபைலில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பல வருடம் இருந்தவன் நான். படிப்பு பத்தாவது. ஹெல்ப்பராகப் போய் ஆபரேட்டராகத் திரும்பினேன். உப்பை வடிகட்டுகிற மெம்பரேன் சவ்வில் அழுக்கு கட்டுகிறதா என்பதை மீட்டரில் அழுத்தம் ஏறுகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவேன், எப்போது கழுவ வேண்டும், உப்புப் படியாமல் இருக்க எவ்வளவு மருந்து விட வேண்டும், எல்லாம் கைப்பழக்கம். இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் அதைவிடத் தேவையான வேலை எது? மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு காவிரித் தண்ணீர் குழாயில் வருமா என்று குடத்தோடு நிற்கிற சனம் நாம். நரிப்பையூரில் 1990களின் கடைசியில் கடல்நீர் ஆலை கட்டினார்கள், குடத்தோடு நிற்பது நிற்கவில்லை. சரி, ஊரோடு வந்துவிட்டோம், இங்கேயே இந்த வேலை பார்க்கலாம் என்று ஓர் இடத்தில் போய்க் கேட்டேன். டிப்ளமோ சர்டிபிகேட் எங்கே என்றார்கள். வேலை பார்த்துக் காட்டுகிறேன் என்றேன், அதற்கு விதி இல்லையாம். ஜெராக்ஸ் கடை போட்டேன். இன்றைக்கும் ஜெராக்ஸ் கடைதான், வாடிக்கையாளர்கள் இங்கே சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

என்னைப் போல வெல்டர், கிரேன் ஆபரேட்டர், ஏசி மெக்கானிக், ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஆட்டோவோ, கோழிக்கடையோ, மொபைல் கடையோதான். மீனவர் கதை இன்னும் மோசம். பஹ்ரைனில் அடுத்தவன் படகில் கூலிக்கு மீன்பிடிக்கிறவனைத் திரும்பி வா என்றால், எந்தக் கடலுக்கு வரச் சொல்கிறீர்கள்? இங்கே எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை பிடித்தால் படகும் போகிறது, ஆளும் ஜெயிலுக்குப் போகிறான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்தியாவுக்கு அனுப்பியது சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. நம் கடலோரத்துக்கு வந்த பங்கு எங்கே என்று தேட வேண்டியதில்லை, பூட்டிக் கிடக்கிற மாடி வீடுகளே கணக்கு. சபுராளியை மட்டும் திட்டாதீர்கள். வெளிநாட்டில் குடியிருக்கிறவர் இங்கே மனை வாங்கலாம், வீடு கட்டலாம், விவசாய நிலம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. நம்பி முதல் போட ஒரு தொழிலும் கண்ணுக்குத் தெரியாதபோது மார்பிள்தான் போடுவான். வெளியே இருந்துகொண்டே செய்தவர்களும் உண்டு. கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் கொழும்பு, ஹாங்காங், துபாய் என்று வியாபாரம் பார்த்தவர், 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி தொடங்கினார். அவரை முதலிலேயே ஊரோடு இரு என்று யாராவது பிடித்து வைத்திருந்தால் அந்தக் கல்லூரி ஏது?

பிள்ளை வளர்வதை வீடியோ காலில் பார்த்தது போதும் என்று ஒருவன் வருகிறான் பாருங்கள், அது அவன் வீட்டு நியாயம், அதற்கு யாரும் காரணம் கேட்க வேண்டாம்.

கேரளத்தில் 1996இலேயே வெளிநாட்டில் இருக்கிற கேரளத்தவருக்காக நோர்கா என்று தனித்துறை வைத்தார்கள், திரும்பி வந்தவன் தொழில் தொடங்கக் கடன் திட்டமும் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் நமக்கு 2011இல் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் வந்தது, அதன்படி வாரியம் அமையப் பத்து வருடம் ஆனது. அமைந்துவிட்டது, நல்லது. அந்த வாரியத்திடம் நாம் கேட்க வேண்டியது பணம் மட்டுமில்லை. வேலை செய்து காட்டினால் சர்டிபிகேட் கொடுங்கள், நம்ம ஐடிஐயிலேயே அந்தச் சோதனையை வையுங்கள், மாவட்டத்துத் தண்ணீர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அதைச் செல்லும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் கேட்க வேண்டும்.

வெறும் வாயால் கேட்டால் யார் மதிப்பார்? வாசலில் மேசை போட்டு ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், எந்த நாடு, என்ன வேலை, எத்தனை வருடம், எந்த மெஷின் ஓட்டத் தெரியும், இவ்வளவுதான். இப்போது வெளிநாட்டில் இருக்கிறவன் பெயரை வீட்டில் இருக்கிறவர்கள் எழுதலாம், எப்போது வர நினைக்கிறான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெண்கள் ஒதுங்கிப் போக வேண்டாம், ராமநாதபுரத்துக்கு 2022இல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்த்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், முதல் பக்கத்தில் எழுதுங்கள். நோட்டின் நகல் வாரியத்துக்கும் கலெக்டருக்கும் அடுத்த வாரம் போகும், ஜெராக்ஸ் என் கடையில் இலவசம். பேனாதான் இரண்டே இரண்டு இருக்கிறது, வைத்திருக்கிறவர்கள் கொடுத்து உதவுங்கள்.