ஆடுறவன் காலைப் பார்த்து அடி

வணக்கம். ராயபுரத்தில் மைக்செட் வேலை பார்க்கிறவன் நான். பேச வரச் சொன்னபோது ஹெவி மெட்டல் என்கிற உறுமல் கிட்டார் இசை பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன், சரி என்றார்கள்.

டூம் என்று பேய்களை வேட்டையாடுகிற ஒரு வீடியோ கேம். 1993-ல் முதலில் வந்தது, பாபி பிரின்ஸ் அதற்கு மிடியில், அதாவது கம்ப்யூட்டரே வாசிக்கிற குறிப்புகளாக, இசை போட்டிருந்தார். வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டரில், ஒரு காது மட்டும் கேட்கிற ஹெட்போனில்தான் நான் கேட்டேன், அப்பவே அது மெட்டல்தான் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் என்னை அசத்தியது 2016-ல் வந்த டூம். இசை மிக் கார்டன், ஆஸ்திரேலியாக்காரர். ஆரம்பத்தில் அவரிடம் கிட்டாரே வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள், அதனால் மனுசன் என்ன செய்தார் என்றால், வெறும் 'ஊம்' என்று ஒலிக்கிற சைன் வேவை எடுத்து டிஸ்டார்ஷன், கம்ப்ரஸர் என்று சத்தத்தை மாற்றுகிற பெட்டி பெட்டியாக உள்ளே விட்டு, மறுபக்கம் உறுமலாக வெளியே எடுத்தார். 9 தந்தி கிட்டார் அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், இந்த இசை ஒரே பாட்டாக ஓடாது. துண்டு துண்டாக இருக்கும். பேய்கள் சூழ்ந்துகொண்டால் ஒரு துண்டு ஏறும், நாம் பாய்ந்து அடித்தால் இன்னும் ஏறும், கடைசிப் பேய் விழுந்ததும் அடங்கிவிடும்.

இது எங்கள் ஏரியாவுக்குப் புதுசா? காசிமேட்டுப் பக்கம் சாவு ஊர்வலம் பார்த்திருப்பீர்கள். பழைய பேப்பரைக் கொளுத்தி, மேளத்தின் தோலைச் சூடு காட்டி, விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன்கள் தோளில் மாட்டுவார்கள். அப்புறம் அவர்கள் கண் ஆடுறவன் காலிலேயே இருக்கும். அவன் மூச்சு வாங்கினால் அடி இறங்கும், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பக் குதித்தால் குச்சி பறக்கும்.

அப்படி அடிக்கிற ஒரு அண்ணனிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டவர், பக்கத்தில் டூம் விளையாடுகிற பையன் விரலையே பார்த்துவிட்டு, "இவன் கையப் பார்த்துதானே அடிக்கிறாங்க?" என்றார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அந்த 9 தந்தியின் பேஸ் சத்தம் அதில் வரவே வராது. நல்ல ஹெட்போன் போடுங்கள், இல்லையா, 15 இன்ச் ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிற நண்பன் வீட்டுக்குப் போங்கள்.