குளித்த தண்ணீர் உச்ச நீதிமன்றம் வரை போன கதை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது குதிரை வண்டி, மீசையில்லாத தாடி, மின்கம்பி போகாத வீடு. படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் அந்த வண்டி ஓடுவது எல்லாரும் கார் ஓட்டுகிற சாலையில். அந்த வீட்டில் குளித்த தண்ணீர் இறங்குவது பக்கத்துப் பண்ணைக்காரரின் கிணற்றுக்கும் ஊறுகிற மண்ணில். இதனால் எழும் சண்டைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1693 வாக்கில் ஸ்விட்சர்லாந்திலும், இன்று பிரான்சில் இருக்கும் அல்சாஸ் பகுதியிலும் இருந்த அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்குள், அதாவது வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் பெற வேண்டும் என்பவர்களுக்குள், ஒரு பிளவு வந்தது. கண்டிப்பான தரப்பின் தலைவர் யாகோப் அம்மான். அவர் பெயரிலிருந்தே ஆமிஷ் என்ற பெயர் வந்தது. அடுத்த நூற்றாண்டில் இவர்கள் கப்பலேறிப் பென்சில்வேனியா போனார்கள். இன்று வட அமெரிக்காவில் ஏறக்குறைய 4 லட்சம் பேர்.

இவர்களுக்கு மேலிருந்து உத்தரவு போடும் தலைமைப்பீடம் எதுவும் கிடையாது. இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை. அந்தச் சபைக்கென்று ஓர் ஒழுங்குமுறை. அதை ஓர்ட்னுங் என்கிறார்கள். ஒரு சபையில் வயலோரம் தொலைபேசி வைத்துக்கொள்ளலாம், இன்னொன்றில் கூடாது. அதிகாரிகளுக்குத் தலைவலியே இதுதான். "பக்கத்து ஆமிஷ்காரர் ஒத்துக்கொண்டாரே, உனக்கு என்ன?" என்று கேட்பார்கள். பக்கத்து ஆமிஷ்காரருக்கு அவருடைய சபை, இவருக்கு இவருடைய சபை.

எல்லாரும் சொல்லும் வழக்கு 1972-இல் வந்த யோடர் வழக்கு. விஸ்கான்சின் மாநிலத்தில் பிள்ளைகள் 16 வயது வரை பள்ளிக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஆமிஷ் பெற்றோர் எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். விதித்த அபராதம் ஆளுக்கு 5 டாலர். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், பெற்றோருக்குச் சாதகமாக முடிந்தது. அந்தப் பிள்ளைகளின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா என்று நீதிபதி டக்ளஸ் மட்டும் எழுப்பிய கேள்வி எனக்கு இன்னும் சரியான கேள்வியாகவே தோன்றுகிறது. அது இருக்கட்டும். பெரிய கொள்கை வழக்குகளைவிட, உள்ளூர் விதிகளால் வரும் வழக்குகளில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

மினசோட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஃபில்மோர் என்று ஒரு கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. 1970-களில் ஓஹையோவிலிருந்து ஆமிஷ் குடும்பங்கள் அங்கே குடியேறின. ஆமிஷ் வீடுகளைச் சுற்றிக் காட்டும் சுற்றுலாவும் அங்கே நடக்கிறது. அதே கவுண்டியிலிருந்து இரண்டு வழக்குகள் வாஷிங்டன் வரை, அதாவது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை, போயின.

முதலாவது முக்கோண வழக்கு. மெதுவாகப் போகும் வாகனத்தின் பின்னால் பளிச்சென்ற ஆரஞ்சு முக்கோணம் மாட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான ஆமிஷ் சபைகள் அதை மாட்டிக்கொள்கின்றன. கடும்பிடிச் சபைகள் மறுத்தன. கண்ணைப் பறிக்கும் நிறம் பகட்டு. உலகத்தாரின் சின்னத்தை நம்பி உயிரை ஒப்படைப்பது கடவுளை நம்பாததற்குச் சமம் என்றார்கள். அதற்குப் பதிலாக வெளிச்சம் பட்டால் வெள்ளியாய் மின்னும் பட்டையும், இரவில் சிவப்பு லாந்தரும் வைக்கிறோம் என்றார்கள். 1989-இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு வாஷிங்டன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. எல்லாருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மதத்தைச் சொல்லி விலக்குக் கேட்க முடியாது என்று அப்போதுதான் வேறொரு வழக்கில் அது சொல்லியிருந்தது. மாநில நீதிபதிகள் அசரவில்லை. எங்கள் மாநில அரசியலமைப்பில் மனச்சாட்சி உரிமைக்கு இன்னும் வலுவான பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லி, 1990 இறுதியில் அதே முடிவை மறுபடி கொடுத்தார்கள்.

இரண்டாவது வழக்கு தண்ணீர் பற்றியது. பாத்திரம் கழுவிய, துணி துவைத்த, குளித்த தண்ணீருக்கும் செப்டிக் டேங்க் கட்டாயம் என்று 2013-இல் கவுண்டி விதி போட்டது. கவுண்டியின் கவலையைச் சும்மா தள்ளிவிட முடியாது. அந்த நிலம் சுண்ணாம்புப் பாறை. விரிசல்கள் வழியாக மேலே விட்டது சீக்கிரமே கீழே போய்விடும். திடீரென்று நிலம் உள்வாங்கிக் குழி விழும் ஊர் அது. ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் என்ற மிகக் கண்டிப்பான பிரிவினரோ, நவீனத் தொட்டியும் குழாயும் எங்கள் ஒழுங்குக்கு ஆகாது என்றார்கள். அவர்கள் காட்டிய மாற்றுவழி, மரச்சில்லு நிரப்பிய குழி. தண்ணீர் சில்லுகள் வழியாக வடிந்து மண்ணுக்குள் இறங்கும். வேறு சில மாநிலங்கள் இதை அனுமதிக்கின்றன.

அதிகாரிகள் கேட்கவில்லை. அபராதம், வழக்கு, கடைசியில் வீட்டைவிட்டு வெளியேற்றுவோம் என்ற மிரட்டல் வரை போனார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் கையால் சுமந்து கொட்டும் தண்ணீருக்கு மாநில விதியிலேயே விலக்கு இருந்தது. குழாய் வசதியில்லாத குடிசையில் வந்து தங்கும் வேட்டைக்காரரும் மீன்பிடிக்காரரும் செப்டிக் டேங்க் கட்ட வேண்டியதில்லை. வருஷம் முழுக்க அங்கேயே வாழ்கிற ஆமிஷ்காரர் கட்ட வேண்டும். 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியபோது, நீதிபதி கோர்சச் இந்த இடத்தில்தான் விரலை வைத்தார். கீழ் நீதிமன்றம் மறுபடியும் கவுண்டி பக்கமே சாய்ந்தது. 2023-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆமிஷ் குடும்பங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குளித்த தண்ணீருக்குப் பத்து வருஷம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆமிஷ் மக்கள் வழக்குப் போடத் தயங்குகிறவர்கள். எதிர்த்து நிற்பது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது. அதனால் 1967-இல் வில்லியம் லிண்ட்ஹோம் என்ற லூத்தரன் பாதிரியார் முன்னின்று, ஆமிஷ் அல்லாதவர்களே இவர்களுக்காக வாதாட ஒரு குழு அமைத்தார்கள். யோடர் வழக்கை நடத்தியதும் அந்தக் குழுதான்.

கென்டக்கியில் கதை வேறு மாதிரி. அங்கே முக்கோணம் மாட்டாததற்கான அபராதத்தைக் கட்ட மறுத்த சிலர் 2011-இல் சிறைக்குப் போனார்கள். மறு ஆண்டே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, மின்னும் பட்டை போதும் என்றது. அதற்குப் பின் வந்த நீதிமன்றத் தீர்ப்பு ஆமிஷ் தரப்புக்கு எதிராகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் சட்டமே மாறியிருந்ததால், அந்தத் தோல்வியால் யாரும் முக்கோணம் மாட்ட வேண்டி வரவில்லை.

ஓஹையோவில் 2022 முதல் குதிரை வண்டிகளுக்கு மினுங்கும் மஞ்சள் விளக்கு கட்டாயம். கடும்பிடிச் சபைகள் மறுக்க, அபராதம், வழக்கு என்று அங்கேயும் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் விஷயத்தில் சொன்ன அளவு உறுதியாக இதில் என்னால் பேச முடியவில்லை. மேடும் பள்ளமுமான சாலையில், இருட்டில், வேகமாக வரும் கார்க்காரருக்கு முன்னால் போகும் வண்டி தெரிய சில நொடிதான் கிடைக்கும். மோதினால் வண்டியில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து, கார் ஓட்டியவரும் அதைச் சுமந்துகொண்டுதான் வாழ வேண்டும். லாந்தரும் பட்டையும் எத்தனை அடி தூரத்தில் கண்ணுக்குப் படுகின்றன என்பது அளந்து பார்க்கக்கூடிய விஷயம். அபராதச் சீட்டு எழுதுவதற்கு முன்பே அதை அளந்திருக்கலாம் என்பது என் கருத்து.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.