டைசனா, அலியா? அம்மாப்பேட்டை தம்பியின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி நம்ம சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து, குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலி, மைக் டைசன் பற்றி. "அண்ணா, 1981-ல் அலியைத் தோற்கடித்தவர் டிரெவர் பெர்பிக். அதே பெர்பிக்கை 1986-ல் டைசன் இரண்டே ரவுண்டில் சாய்த்தார். அப்படியென்றால் டைசன்தானே அலியை ஜெயிப்பார்? ஃப்ரெண்ட் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, குத்துச்சண்டையில் இந்தக் கணக்கு செல்லாது. 1971-ல் ஜோ ஃப்ரேசியர் என்ற வீரர் அலியை ஜெயித்தார். 1973-ல் ஜார்ஜ் ஃபோர்மேன் என்ற இன்னொரு வீரர் அந்த ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே தள்ளினார். உங்கள் கணக்குப்படி அலி ஃபோர்மேன் முன்னால் நிற்கவே முடியாது. ஆனால் 1974-ல் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மேன்! ஃப்ரேசியர் குனிந்து நெருங்கி வருபவர், அது ஃபோர்மேனின் அடிக்கு வசதி. அலி கயிற்றில் சாய்ந்து அடியை வாங்கி, ஃபோர்மேனைக் களைப்பாக்கினார். யாருடைய பாணி யாருக்கு ஒத்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், பெர்பிக்கிடம் தோற்றபோது அலிக்கு 39 வயது. கால்களில் வேகமே இல்லை. அந்தச் சண்டையை வைத்து அலியை அளப்பது நியாயமே இல்லை.

சரி, இருவரையும் அவரவர் உச்சத்தில் நிறுத்துவோம். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த 24 வயது அலி. 1988-ல் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடிகளில் முடித்த டைசன். என் ஓட்டு அலிக்குத்தான்.

அலியின் கைவீச்சு (இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம்) 78 அங்குலம், டைசனுக்கு 71. அந்த ஏழு அங்குல வித்தியாசத்தைத் தாண்டி உள்ளே போனால்தான் டைசனுக்கு வேலை. போவார், அதில் சந்தேகமில்லை, அவ்வளவு வேகம். முதல் நான்கு ரவுண்டு அலிக்கு உண்மையிலேயே ஆபத்து. ஆனால் உள்ளே வந்தவரைக் கழுத்தோடு பிடித்து அமுக்கி வைக்க அலிக்குத் தெரியும். 1974-ல் ஃப்ரேசியரை இரண்டாம் முறை சந்தித்தபோது அதைத்தான் செய்தார். 1987-ல் போன்கிரஷர் ஸ்மித் டைசனைக் கட்டிப்பிடித்தே 12 ரவுண்டும் ஓட்டினார். தோற்றார், ஆனால் டைசனால் அவரை வீழ்த்த முடியவில்லை. அலி பிடிப்பார், விட்டதும் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க் குத்து) போடுவார்.

எத்தனை ரவுண்டு என்பதையும் பேசி வைத்துக்கொண்டு வாதாடுங்கள். அலி காலத்துப் பட்டப் போட்டி 15 ரவுண்டு, டைசன் காலத்தில் அது 12 ஆகிவிட்டது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்களைப் பாருங்கள். முதல் வளைவுகளில் பாய்ந்தவர் 20-வது கொண்டை ஊசி வளைவில் நடந்துதான் வருவார். டைசனின் பலம் முதல் வளைவுகளில். 12 என்றால் அலி புள்ளிகளில் ஜெயிப்பார், 15 என்றால் கடைசியில் நடுவரே சண்டையை நிறுத்துவார்.

ஆனால் ஒன்று. உங்கள் ஃப்ரெண்ட் 1971 மார்ச் மாத அலியைக் கொண்டு வந்தால் நான் உங்கள் பக்கம். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் மூன்றரை வருடம் ரிங்குக்கே வர முடியாமல் இருந்தவர் அவர். கால் பழைய மாதிரி ஓடவில்லை, கயிற்றோரம் அதிகம் நின்றார். ஃப்ரேசியரின் லெஃப்ட் ஹூக் (இடது கையை வளைத்து விடும் குத்து) 15-வது ரவுண்டில் அவரைத் தரையில் தள்ளியது. அந்த அலிக்கு எதிராக 1988 டைசன் ஆறு ரவுண்டுக்குள் முடித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.