11 என்றால் எந்தப் பிழை?

நேயர்களுக்கு வணக்கம். நள்ளிரவில் ஒரு சர்வர் முடங்கினால், அதைச் சரிசெய்ய உட்காரும் பொறியாளருக்குக் கிடைக்கும் முதல் தடயம், சர்வர் தன் நிகழ்வுகளைப் பதிவுசெய்துவைக்கும் லாக் கோப்புதான். அதில் ‘பிழை 11’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் என்ன செய்வார்? அந்த எண்ணுக்கு உரிய பெயரைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

லினக்ஸ், மேக் போன்ற, யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், கோப்பொன்றைத் திறக்கவோ வேறொரு கணினியுடன் இணையவோ நிரல் கேட்டு அது நடக்காமற்போனால், காரணம் ஓர் எண்ணாகவே திரும்பி வருகிறது. சி மொழியில் அது ‘எர்நோ’ என்னும் மாறியில் வந்து அமர்கிறது. 2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. இவ்விரண்டும் லினக்ஸிலும் மேக்கிலும் ஒன்றாகவே இருப்பதால், எல்லா எண்களும் எங்கும் ஒன்றே என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

நானும் நம்பியிருந்தேன். லினக்ஸ் சர்வர் எழுதிய 11 என்ற எண்ணுக்கு என் மேக் மடிக்கணினியில் பெயர் தேடினேன். ‘ஈடெட்லாக்’ என்று வந்தது. இரண்டு செயல்கள் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கும் முட்டுக்கட்டையைக் குறிக்கும் பெயர் அது. இல்லாத முட்டுக்கட்டையைத் தேடியே அந்த இரவு கழிந்தது. இன்டெல், ஆர்ம் கணினிகளில் ஓடும் லினக்ஸில் 11 என்பது ‘ஈஅகெய்ன்’, அதாவது இப்போதைக்கு முடியாது, பிறகு கேள் என்பது. அங்கே முட்டுக்கட்டைக்கு உரிய எண் 35. மேக்கில் இவ்விரு எண்களும் அப்படியே இடம் மாறியிருக்கின்றன. இணைப்பு மறுக்கப்பட்டதைச் சொல்லும் ‘ஈகான்ரெஃப்யூஸ்ட்’ லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸின் பிணையப் பிழைகளில் 10061. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதிகளைச் சொல்லும் போசிக்ஸ் தரநிலை, பெயர்களை வரையறுத்துவிட்டு, எண்களை அந்தந்த இயங்குதளத்திடம் விட்டுவிட்டதே இதற்குக் காரணம்.

ஆகவே, பிழை நிகழ்ந்த கணினியிலேயே, நிகழ்ந்த அந்தக் கணத்திலேயே, எண்ணைப் பெயராக மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் இயக்கும் நோட் ஜேஎஸ்ஸில், இயங்குதளம் தரும் பிழைக்கான பிழைப்பொருளின் ‘கோட்’ பண்பிலேயே பெயர் இருக்கும். வெறும் எண் மட்டும் கையில் இருந்தால், ‘யூட்டில்’ தொகுப்பிலுள்ள ‘கெட் சிஸ்டம் எரர் நேம்’ என்ற செயற்கூற்றிடம் கேட்கலாம். அங்கே எண்கள் எதிர்க்குறியுடன் வரும்: கோப்பு இல்லை என்பது லினக்ஸில் -2, விண்டோஸில் -4058. பைத்தான் மொழியில் ‘எர்நோ’ தொகுப்பிலுள்ள ‘எரர்கோட்’ அகராதி இதே வேலையைச் செய்கிறது. சி மொழியின் ‘ஸ்ட்ரெரர்’ தருவதோ பெயரன்று, விளக்க வாக்கியம். கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து அவ்வாக்கியம் மாறக்கூடும் என்பதால், அதை ஒப்பிட்டு நிரலில் முடிவெடுப்பது ஆபத்தானது. பெயரையே தரும் செயற்கூறு ஒன்று, லினக்ஸில் சி நிரல்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் குனூ சி நூலகத்தின் 2.32 பதிப்பில், 2020ஆம் ஆண்டில்தான் சேர்ந்தது.

பெயர் கிடைத்த பிறகும் எண்ணை நீக்கிவிடாதீர்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுதி, இயங்குதளத்திடம் நிரல் விடுத்த எந்த அழைப்பு தோற்றது, எந்தக் கோப்பு அல்லது எந்தப் போர்ட் (பிணைய இணைப்புக்கான வாயில் எண்) என்பவற்றையும் உடன் சேருங்கள். பட்டியலில் இல்லாத எண் வந்தால், ‘அறியப்படாத பிழை’ என்று மட்டும் எழுதி அதை மறைத்துவிடாமல், எண்ணையும் இயங்குதளத்தின் பெயரையும் உள்ளபடியே பதிவுசெய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.